ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டையில் ஒரு நாள்: கொங்குப் பக்கத்தார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஈரோடு, கோபி, காங்கேயம், திருப்பூர் வட்டாரத்திலிருந்து மைசூருக்குச் சுற்றுலா செல்லும் குடும்பங்கள் பெரும்பாலும் அரண்மனை, சாமுண்டி மலை, பிருந்தாவனம் ஆகியவற்றுக்கு நாளைச் செலவிட்டுவிட்டு, ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஒரு மணி நேரத்தை மட்டும் ஒதுக்குகிறார்கள். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கொங்கு நாட்டின் வரியும் வழக்கும் சென்று சேர்ந்த தலைநகரத்துக்கு அந்த ஒரு மணி நேரம் போதவே போதாது. புறப்படும் முன் உறவினரும் நண்பரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை, அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

சீரங்கப்பட்டணமும் நம்ம திருச்சி ஸ்ரீரங்கமும் ஒண்ணுங்களா?

இரண்டும் வேறு வேறு ஊர்கள். இரண்டுமே காவிரி இரண்டாகப் பிரிந்து சூழும் தீவுகள் என்பதாலும், இரண்டிலும் பள்ளிகொண்ட பெருமாளே குடியிருப்பதாலும் இந்தக் குழப்பம் வருகிறது. கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்தில், மைசூரிலிருந்து ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில் இருப்பது ஸ்ரீரங்கப்பட்டணம். இங்குள்ள பெருமாளை ஆதிரங்கர் என்றும், சிவசமுத்திரத்தில் உள்ளவரை மத்தியரங்கர் என்றும், திருச்சி ஸ்ரீரங்கத்தில் உள்ளவரை அந்தியரங்கர் என்றும் சொல்வது வழக்கம். இங்கே பெருமாளின் திருவடியில் காவிரித் தாய் அமர்ந்திருப்பதைக் கருவறையில் பொறுமையாக நின்று பார்க்க வேண்டும். அந்தக் காவிரிதான் ஒகேனக்கல்லும் மேட்டூரும் கடந்து பவானிக்கும் ஈரோட்டுக்கும் வருகிறது.

அங்க கோட்டைன்னு என்னதான் மிச்சம் இருக்கு? வெறும் இடிஞ்ச செவுருதானுங்களே?

மதில் சூழ்ந்த ஒரு நகரம் முழுமையாக இருந்த இடம் அது. ஏறக்குறைய 5 கி.மீ. நீளமுள்ள தீவின் மேற்குப் பகுதியில் கோட்டை அமைந்திருக்கிறது. 1454இல் விஜயநகரத்தின் கீழ் இருந்த திம்மண்ணர் முதலில் கட்டினார் என்பது மரபு. 1610இல் ராஜ உடையார் அதை விஜயநகரப் பிரதிநிதியிடமிருந்து கைப்பற்றியது முதல், 1799இல் ஆங்கிலேயரிடம் விழும் வரை மைசூர் அரசின் தலைநகரம் இதுவே. ஐதர் அலியும் திப்பு சுல்தானும் மதில்களை மேலும் வலுப்படுத்தினார்கள்.

இன்று மதிலின் நீண்ட பகுதிகளும், அகழியின் பள்ளங்களும், பெங்களூர் வாசல், மைசூர் வாசல், யானை வாசல், தண்ணீர் வாசல் முதலிய வாசல்களும், கோயில்களும், பள்ளிவாசலும், நிலவறைச் சிறைகளும் எஞ்சியிருக்கின்றன. உள்ளே இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள், கடைத்தெரு நடக்கிறது, ரயில் நிலையமும் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. வேலி போட்டு, நுழைவுச்சீட்டு கொடுத்து ஒரே வாசலில் அனுப்பும் இடம் அன்று என்பதால்தான் பலர் கோட்டைக்குள் வந்துவிட்டதே தெரியாமல் அதைக் கடந்து போய்விடுகிறார்கள்.

ஈரோட்டுல இருந்து விடியக்காலம் கெளம்புனா, பாத்துட்டு ராத்திரிக்குள்ள திரும்பிரலாமுங்களா?

திரும்பிவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் பரிந்துரைக்க மாட்டேன். சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பம், ஆசனூர், சாம்ராஜ்நகர், நஞ்சன்கூடு, மைசூர் வழியாகச் சென்றால் 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஆகும். தூரத்தைவிடத் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளும், சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் செல்லும் சாலையில் விரைய முடியாததும்தான் நேரத்தைத் தின்கின்றன. சென்றுசேரவே ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது.

இதைவிட முக்கியமானது இரவுத் தடை. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 முதல் அந்த மலைப்பாதையில் கார் போன்ற சிறு வாகனங்களுக்கும் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை தடை இருக்கிறது. கனரக வாகனங்களுக்கு மாலையிலேயே தொடங்கிவிடும். நேரங்கள் மாற்றப்படலாம் என்பதால் புறப்படும் முன் ஒருமுறை விசாரித்துக்கொள்வது நல்லது. ஆகவே காலை 6 மணிக்கு முன் மலையேற முடியாது, இரவு 9 மணிக்குள் இறங்கியாக வேண்டும். இடையில் மிஞ்சும் நேரத்தில் கோட்டையைப் பார்த்தால், பார்த்தோம் என்று பேர் சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். முதல் நாள் மாலையே மைசூர் சென்று தங்கி, மறுநாள் முழுவதையும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொடுங்கள்.

காரப்பள்ளம், ஆசனூர்ப் பகுதியில் கரும்பு லாரிகளை எதிர்பார்த்து யானைகள் சாலையோரம் நிற்பதுண்டு. படம் எடுக்க வண்டியை நிறுத்தாதீர்கள், இறங்கவே இறங்காதீர்கள்.

ரயில்ல போக முடியாதுங்களா?

போகலாம். கோவை, ஈரோடு, சேலம் வழியாக மைசூருக்குச் செல்லும் விரைவு ரயில்கள் உள்ளன. ஆனால் அவை பெங்களூரைச் சுற்றிக்கொண்டு போவதால் ஓர் இரவு முழுவதும் பயணம் செய்ய வேண்டும். மலைப்பாதையில் வாந்தி எடுக்கும் குழந்தைகளும் முதியவர்களும் உள்ள குடும்பத்துக்கு இதுவே நல்லது.

எதை மொதல்ல பாக்கறது, எதைக் கடைசியா வெக்கறது?

காலை எட்டு மணிக்குள் ரங்கநாதர் கோயில்; நண்பகலில் நடை சாத்தி மாலையில்தான் திறப்பார்கள் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. அடுத்து கோட்டைக்கு வெளியே கிழக்கில் ஒரு கிலோமீட்டர் அளவில் இருக்கும் தரியா தௌலத் மாளிகைக்கு, அது திறந்த உடனேயே சென்றுவிடுங்கள். அதன் பிறகு மீண்டும் கோட்டைக்குள் வந்து நிலவறை, மதில் உடைந்த இடம், திப்புவின் உடல் கிடைத்த இடம் ஆகியவற்றை மதிய உணவுக்கு முன் பாருங்கள். வெயில் தாழ்ந்ததும் பள்ளிவாசலைப் பார்த்துவிட்டுக் கும்பஸ் என்னும் கல்லறை மாளிகைக்கும், அதை அடுத்த சங்கமத்துக்கும் செல்லலாம்.

கோட்டையிலிருந்து வெளியேறி மறுபடியும் உள்ளே வருவது வீண் அலைச்சல் என்று ஓட்டுநர்கள் சொல்வார்கள். இருந்தாலும் இந்த வரிசையை நான் விடாமல் வலியுறுத்துவேன். அதற்கான காரணம் அடுத்த மூன்று பதில்களில் இருக்கிறது.

தரியா தௌலத்துல செவுத்துல ஓவியந்தானே இருக்கு? அதுக்கு எதுக்குங்க ஒரு மணி நேரம்?

1784இல் திப்பு கட்டி முடித்த தேக்கு மர மாளிகை அது. உட்புறத்தில் ஒரு விரல் அளவு இடம்கூட விடாமல் வண்ணம் தீட்டப்பட்டிருக்கிறது. மேற்குச் சுவரில் இருப்பது 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகில் பொள்ளிலூரில் நடந்த போர். ஐதரும் திப்புவும் கும்பினியின், அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின், படையை முறியடித்த அந்தப் போர் நம் தமிழ் மண்ணில் நடந்தது.

சுவரின் அருகே நின்று பாருங்கள். சுற்றிலும் தலைகள் உருளும்போது திப்பு குதிரையின் மேல் அமர்ந்து ஒரு பூவை முகர்ந்துகொண்டிருக்கிறார். கும்பினிப் படை சதுரமாக நெருங்கி நிற்க, அதன் நடுவே வெடிமருந்து வண்டி தீப்பிடித்து வெடிக்கிறது. அந்தச் சதுரத்துக்குள் பல்லக்கில் அமர்ந்து, விரலை வாயில் வைத்துக் கலங்கிப்போயிருக்கும் வெள்ளைக்கார அதிகாரியைத் தேடிக் கண்டுபிடியுங்கள். அவர்தான் கர்னல் பெய்லி. கோட்டைக்குள் நீங்கள் பார்க்கப்போகும் நிலவறை இவருடைய பெயரால்தான் வழங்குகிறது. 1799க்குப் பின் இம்மாளிகையில் ஆங்கிலேயத் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி குடியிருந்தார். சிதைந்துபோன ஓவியங்களை 1850களில் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபு மறுபடி தீட்டச் செய்தார். எனவே இன்று காண்பது முதல் தூரிகையின் வண்ணம் மட்டும் அன்று.

தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள இடம் என்பதால் நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. மாளிகைக்குள் படம் எடுக்க விடமாட்டார்கள்.

பெய்லி ஜெயில்ல கைதிங்களைக் கழுத்தளவு தண்ணில நிக்க வெச்சாங்கன்னு சொல்றாங்களே, நெசமுங்களா?

அது வழிகாட்டிகள் சொல்லும் செவிவழிச் செய்தி. கண்ணால் காணக்கூடியதை மட்டும் சொல்கிறேன். வடக்கு மதிலை ஒட்டி, மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாதபடி தரைமட்டத்துக்குக் கீழே, செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு வளைவு வளைவாகக் கட்டிய ஒரு நீண்ட கூடம். ஏறத்தாழ 30 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் இருக்கும். சுவரிலிருந்து துளையிட்ட கற்பலகைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. கைதிகளின் கைகளைச் சங்கிலியால் பிணைக்க அவை பயன்பட்டன. அந்தப் பலகைக்கு அருகே சென்று நின்று, அதன் உயரத்தை உங்கள் தோளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நடுவில் கிடக்கும் பீரங்கி, 1799 முற்றுகையின்போது கூரையைப் பிளந்துகொண்டு மேலிருந்து விழுந்தது என்பார்கள். பொள்ளிலூரில் பிடிபட்ட பெய்லி 1782இல் இவ்வூரிலேயே சிறையில் இறந்தார்.

கோட்டையை எந்தப் பக்கம் ஒடைச்சாங்க? மதிலு மேல நடக்கலாமுங்களா?

மேற்குப் பக்கம், வடமேற்கு மூலைக்கு அருகில். 1907இல் எழுப்பப்பட்ட நினைவுத் தூண் ஒன்று அவ்விடத்தை அடையாளம் காட்டுகிறது. அங்கே நின்று எதிரே காவிரியைப் பார்க்கும்போதுதான் போரின் கணக்குப் புரியும். குடகில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் ஆறு பெருகி எதிரியைத் துரத்திவிடும். அதுவரை தாக்குப்பிடித்தால் போதும் என்பது திப்புவின் நம்பிக்கை. மே மாதத் தொடக்கத்தில் ஆறு வற்றிப் பாறைகள் தெரியும் நேரத்தில், ஜெனரல் ஹாரிஸின் கும்பினிப் படை பீரங்கியால் மதிலில் ஒரு வாயைத் திறந்துவிட்டது. 1799 மே 4 அன்று, உச்சிவெயில் நேரத்தில், படை பாறைகளின் மேல் ஆற்றைக் கடந்து சில நிமிடங்களில் மதிலேறியது. பிறகு இரு பிரிவாகப் பிரிந்து, ஒன்று வடக்கு மதிலின் மேலும் மற்றொன்று தெற்கு மதிலின் மேலும் ஓடியது.

தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய டேவிட் பெயர்டு, பொள்ளிலூரில் பெய்லியோடு பிடிபட்டு மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கிடந்தவர். ஓவியம், நிலவறை, உடைந்த மதில் என்ற வரிசையை நான் சொன்னதற்குக் காரணம் இதுதான்: ஓவியத்தில் தோற்ற கூட்டத்தில் இருந்த ஒருவர் பத்தொன்பது ஆண்டு கழித்துத் திரும்பி வந்து அந்த மதிலை ஏறினார். கடைசியிலிருந்து முதலுக்குப் போனால் இந்தத் தொடர்பு மனத்தில் நிற்காது.

மதிலின் மேல் சில பகுதிகளில் நடக்கலாம். ஆனால் கைப்பிடி கிடையாது. புதர் மண்டிய இடங்களில் பாம்பு இருக்கும். கல் பெயர்ந்த விளிம்புகளும் உண்டு. செருப்பைவிட ஷூ நல்லது. பத்து மணிக்கு மேல் நிழலே கிடையாது என்பதால் தொப்பியும் தண்ணீரும் கட்டாயம்.

திப்பு எறந்த எடமுன்னு ரெண்டு எடத்தைக் காட்டறாங்களே, எதுங்க சரி?

கல்வெட்டுப் பதித்துச் சிறு வேலியிட்டிருப்பது உடல் கண்டெடுக்கப்பட்ட இடம். அருகில் உள்ள தண்ணீர் வாசலையும் சிலர் காட்டுவார்கள். வடக்கு மதிலையொட்டிய வாசல் நெரிசலில் அவர் போரிட்டு விழுந்தார் என்பதும், அன்றிரவு பிணக்குவியலுக்கிடையே விளக்கு வெளிச்சத்தில்தான் உடலை அடையாளம் கண்டார்கள் என்பதும் அன்றைய பதிவுகளில் உள்ளவை. மறுநாள் தந்தை ஐதர் அலிக்குத் தாமே கட்டிய கும்பஸில், தந்தைக்கும் தாய்க்கும் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். கும்பஸைச் சுற்றியுள்ள 36 கருங்கல் தூண்களின் மெருகையும், உட்சுவரில் புலி வரி போலத் தீட்டிய கோடுகளையும் பார்க்கத் தவறாதீர்கள்.

அப்ப திப்பு வாழ்ந்த அரண்மனை எங்கீங்க?

ரங்கநாதர் கோயிலுக்கு அருகில் இருந்த லால் மகால்தான் அவர் வாழ்ந்த அரண்மனை. இன்று அடித்தளம் மட்டுமே எஞ்சியிருக்கிறது. தரியா தௌலத் கோடை மாளிகை. பெங்களூரில் பார்ப்பது வேறொரு கோடை மாளிகை. வெள்ளைக்காரனைப் புலி கவ்விப் பிடித்திருக்கும் புகழ்பெற்ற மரப்பொம்மை லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இங்கே தேட வேண்டாம்.

ரயில் பாதைக்காக ஒரு கட்டடத்தையே நகத்துனாங்களாமே?

உண்மைதான். பெங்களூர்–மைசூர் இருப்புப்பாதையை இரட்டையாக்கும்போது திப்பு காலத்து ஆயுதக் கிடங்கு ஒன்று குறுக்கே நின்றது. அதை இடிக்காமல், 2017இல் அடித்தளத்தோடு தூக்கி நூறு மீட்டருக்கு மேல் நகர்த்தி வைத்தார்கள். ரயில் நிலையத்துக்கு அருகிலேயே பார்க்கலாம்.

வயசானவங்களைக் கூட்டிட்டுப் போறோம், எதை விட்டறலாம்?

மதில் நடையையும், நிலவறைப் படிகளையும், பள்ளிவாசல் ஏறுபடிகளையும் விட்டுவிடலாம். கோயில், தரியா தௌலத், கும்பஸ் மூன்றிலும் ஏற்றம் குறைவு. தோட்டத்தின் வழியே சற்று நடந்தால் போதும். இளையவர்கள் மதிலைச் சுற்றும் நேரத்தில் பெரியவர்களைக் கஞ்சம் பகுதியில் ஆற்றங்கரையில் உள்ள நிமிஷாம்பாள் கோயிலுக்கு ஆட்டோவில் அனுப்பிவைத்தால் இரு தரப்புக்கும் நிறைவு.

சங்கமத்துல குளிக்கலாமுங்களா? நம்ம கூடுதுறை மாதிரித்தானே?

இரு கிளைகளாகப் பிரிந்த காவிரி தீவின் கிழக்கு முனையில் மீண்டும் சேருமிடம் அது. பவானிக் கூடுதுறையைப் போலப் படித்துறையும் சடங்குகளும் உண்டு. ஆனால் மேலே கிருஷ்ணராஜசாகர் அணை இருக்கிறது. திறந்துவிடும் நீரைப் பொறுத்து ஆற்றின் போக்கு மாறும். பாறைக்கிடையே சுழல்கள் உள்ளன. நீச்சல் தெரிந்தவரும் படியை விட்டு இறங்கக் கூடாது. காலை நனைத்துவிட்டுப் பரிசலில் ஒரு சுற்றுப் போய்வந்தால் போதுமானது.

தீரன் சின்னமலை அங்க போயி சண்டை போட்டாருன்னு சொல்றாங்க. அடையாளம் ஏதாச்சும் இருக்குங்களா?

கொங்கு இளைஞர்களைத் திரட்டிச் சென்று மைசூர்ப் படையோடு சேர்ந்து கும்பினியை எதிர்த்தார் என்பது நம் பக்கத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. கோட்டையின் நினைவுச்சின்னங்கள் திப்புவையும் ஆங்கிலேயப் படையினரையும் பற்றியவை. சின்னமலையை நினைக்க விரும்புவோர் அரச்சலூரை அடுத்த ஓடாநிலைக்கும், அவர் 1805இல் தூக்கிலிடப்பட்ட சங்ககிரிக்கும் செல்ல வேண்டும்.

ஆயினும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நடந்தவை கொங்கின் தலைவிதியை இரண்டு முறை மாற்றின. 1792இல் இங்கே எழுதப்பட்ட உடன்படிக்கையில் திப்பு தம் நாட்டில் பாதியை இழந்தபோது, காவிரிக்குக் கிழக்கே சேலம், நாமக்கல், சங்ககிரிப் பகுதிகள் கும்பினிக்குப் போயின. கோவைப் பக்கம் திப்புவிடமே இருந்தது. ஏழு ஆண்டுகள் கொங்கு நாடு ஆற்றின் இரு கரையில் இரண்டு அரசுகளின் கீழ் வாழ்ந்தது. 1799இல் இந்தக் கோட்டை விழுந்ததும் கோவைப் பக்கமும் கும்பினி வசமானது. சின்னமலை ஓடாநிலையில் நின்று போரிட்டது அதற்குப் பின்னர்தான். மைசூருக்குப் போன வரிப்பணத்தை மறித்து, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் இடையே உள்ள சின்னமலை பறித்ததாகப் போய்ச் சொல் என்று அவர் அனுப்பிய கதையை நம் பிள்ளைகள் எல்லோரும் கேட்டிருப்பார்கள். அந்தப் பணம் போய்ச்சேர்ந்திருக்க வேண்டிய ஊர் இதுதான் என்று கோட்டை வாசலில் நின்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.

அந்தக் காலத்துல படையெல்லாம் திம்பம் வழியாத்தான் வந்துச்சுங்களா?

படைகளின் முதன்மை வழி கெஜலட்டிக் கணவாய். மோயாறு பள்ளத்தாக்கின் வழியாக இறங்கி, பவானியும் மோயாறும் கூடும் இடத்தில் இருந்த தணாயக்கன்கோட்டையை அடையும் பாதை அது. 1790 செப்டம்பரில் திப்பு இவ்வழியே இறங்கி வந்துதான் சத்தியமங்கலத்தில் கும்பினியின் கர்னல் பிளாயிடின் படையோடு மோதினார். இன்று கணவாய் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் பொதுமக்கள் செல்ல முடியாது. தணாயக்கன்கோட்டை பவானிசாகர் அணை நீரில் மூழ்கிவிட்டது. நீர்மட்டம் மிகவும் தாழும் கோடைகளில் மட்டும் வெளியே தெரியும்.

திப்பு நல்லவரா கெட்டவரான்னு பிள்ளைங்க கேட்டா என்னங்க சொல்றது?

ஒரே சொல்லில் விடை கொடுக்காதீர்கள். கும்பினிக்குப் பணியாமல் வாளோடு விழுந்தவர் என்பதும், அரண்மனைக்கு அருகிலிருந்த ரங்கநாதர் கோயிலுக்கு வெள்ளிப் பாத்திரங்கள் வழங்கினார் என்பதும் உண்மை. குடகிலும் மலபாரிலும் அவர் படையெடுப்பு மக்களைக் கொடுந்துன்பத்தில் தள்ளியது என்பதும் உண்மை. நிலவறையையும் ஓவியத்தையும் ஒரே நாளில் பார்த்த பிள்ளை இரண்டையும் சேர்த்தே எண்ணும். பெரியவர்கள் நடுவில் புகுந்து தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை.

சாப்பாடு, பேச்சு எல்லாம் எப்படிங்க?

கோயிலைச் சுற்றிலும் நெடுஞ்சாலையிலும் எளிய சைவ உணவகங்கள் உண்டு. கடைக்காரர்களில் பலருக்குத் தமிழ் புரியும். வாடகைக் காரில் செல்வோர் கர்நாடக அனுமதிச் சீட்டு இருக்கிறதா என்று முன்னதாகவே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

எந்த மாசம் போனா நல்லதுங்க?

நடப்பதற்கு ஏற்றவை நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்கள். தசராவின்போது மைசூரில் தங்க இடம் கிடைப்பது அரிது. ஆடியில் ஆறு நிறைந்து ஓடும்போது போனால், மதிலுக்குக் காவிரியே அகழியாக நின்றதைக் கண்ணால் காணலாம். அப்போது சங்கமத்தில் இறங்கும் எண்ணமே வேண்டாம். வெயில் பொறுக்கக்கூடியவர்கள் சித்திரைக் கடைசியில் போனால், மேலே மதில் உடைந்த இடத்தைப் பற்றிச் சொன்னது போல ஆற்றுப் பாறைகள் வெளியே தெரியும். 1799இல் படை எந்த வழியே கடந்திருக்கும் என்பதை மதிலில் நின்றபடியே கணிக்கலாம். அப்படிப் போவோர் மதில் நடையை மட்டும் காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிட்டு, மற்ற இடங்களை நான் சொன்ன வரிசையிலேயே பார்க்கட்டும்.